கடல் எங்கள் ஓடையில் தொடங்குகிறது

பங்குனியில் மல்லாட்டை பிடுங்கிக் கொடியை மாட்டுக்குப் போட்டுவிட்டால், ஆலங்காயம் பக்கம் ஆடி வரைக்கும் கொல்லையில் பெரிய வேலை கிடையாது. நடுவில் ஒரு மழை விழுந்தால் கோடை உழவு ஓட்டுவோம். மாமரம் வைத்திருப்பவர்கள் மாங்காய் பறிப்பார்கள். அவ்வளவுதான். கல்லூரிக்கு லீவு விடுவதும் அந்த நேரம்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடிந்ததும் ஷூ கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி கம்பெனிகளில் இரண்டு மாதம் அப்பர் தைத்தால் அடுத்த பருவத்துக் கட்டணம் கைக்கு வந்துவிடும்.

என் மகளும் 2025 கோடையில் அந்த வேனில் ஏற வேண்டியவள்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்.

"நைனா, இந்த வருஷம் நான் ஷூ கம்பெனிக்குப் போவல. கடற்கரைக்குப் போறேன்."

"கடற்கரையில இன்னாம்மா வேலை?"

"குப்பை பொறுக்கற வேலை. சாயந்தரத்துல குப்பத்துப் பசங்களுக்குப் பாடம் சொல்லித் தரணும்."

வீட்டுக்காரம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "காலேஜ் படிக்கிற பொண்ணு குப்பை பொறுக்க அவ்வளோ தூரம் போவணுமா? நம்ம ஊர் ஓடையில கெடக்கறது பத்தலியா?"

கோபத்தில் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்க்கிறேன், எங்கள் வீட்டில் சரியாகப் பேசியவர் அவர் ஒருத்தர்தான்.

சான்றிதழ் சோறு போடாது

முதலில் அவளுக்கு வந்த அழைப்பு ஒரு அமைப்பிடமிருந்து. ஆறு வாரம் வேலை, தங்க இடம் உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு, சம்பளம் கிடையாது. "இது சேவை" என்று போனில் சொன்னார்களாம். மகள் கேட்டாளாம்: "சேவைதாங்க. ஆனா பஸ்சுக்குக் காசு நான் எங்க போவேன்?" அதற்குப் பதில் வரவில்லை.

நண்பர்களே, இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுற்றுச்சூழல் வேலை என்றாலே தன்னார்வம், சம்பளம் இல்லாத வேலை என்று ஆகிவிட்டது. தன்னார்வத்தை நான் குறை சொல்லவில்லை. சென்னையில் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988-லிருந்து ஜனவரி முதல் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைப் பத்திரப்படுத்தி, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறது. மும்பை வெர்சோவா கடற்கரையில் 2015-ல் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரோடு குப்பை எடுக்க ஆரம்பித்தார். வாராவாரம் ஆட்கள் சேர்ந்தார்கள். 2018-ல் அதே கரையில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு ஓடின. இதெல்லாம் மனசார வந்தவர்கள் செய்த வேலை. ஆனால் சம்பளம் இல்லாமல் ஆறு வாரம் வேலை செய்ய, வீட்டில் சோற்றுக்குக் கவலை இருக்கக் கூடாது. அந்தக் கவலை உள்ள பிள்ளைகளுக்கு இந்த வேலைக்குள் வர வாசலே இல்லை. ஒரு உழவர் வீட்டுப் பெண்ணோ, மீனவர் வீட்டுப் பையனோ வராமல் கடலைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் யார் யாருக்குப் பாடம் சொல்வது?

அப்புறம் இன்னொரு சின்னக் குழு கிடைத்தது. நாளுக்கு 400 ரூபாய், தங்க இடம், இரண்டு வேளை சாப்பாடு, கையுறை, காலணி. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். வாங்கி வந்தாள். சித்திரை மூன்றாவது வாரம் கிளம்பினாள். வேலை பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்துக்கும் வாயலூருக்கும் நடுவில்.

ஆற்றோடு ஒரு பயணம்

இரண்டு வாரம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். ஆலங்காயத்தில் பஸ் ஏறி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு. போகிற வழி பூராவும் பாலாறு கூடவே வருகிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. சித்திரையில் தண்ணீர் ஏது? மணலும் முள்ளும்தான். ஆம்பூர் தாண்டும்போது வரும் நாற்றத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் மூக்கைக்கூடப் பொத்துவதில்லை. பழகிவிட்டது.

பாலாற்றின் கதை இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. அசுத்தம் செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அப்புறமும் இழப்பீட்டுக்காக அலைச்சல் நிற்கவில்லை. 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் பஸ்சில் உட்கார்ந்து அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே போனபோது என் மனசில் இருந்தது இதுதான்: நாசம் பண்ணியவன் தோல் கம்பெனிக்காரன், நாம் நஷ்டப்பட்டவர்கள். பதினோரு வருஷமாக ஒரு சொட்டுப் பூச்சிக்கொல்லி தெளிக்காதவன் என்ற கர்வமும் கொஞ்சம் இருந்தது.

'விவசாயம்' என்று எழுதிய சாக்கு

கடற்கரையில் காலை ஐந்தரைக்கு வேலை ஆரம்பம். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் மணல் சுடும். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நடந்து கையால் பொறுக்குகிறார்கள். ஆமை முட்டையிட்ட இடத்தில் வாரியோ இயந்திரமோ போட்டால் கூடு நசுங்கிப்போகும் என்பதால் கைதான்.

'பங்குனி ஆமை' என்றுதான் மீனவர்கள் அதைக் கூப்பிடுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கரையேறி ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். ஐம்பது நாள் அளவில் குஞ்சு பொரிக்கும். அந்த வருஷம் ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவைதான் பெரும்பாலும் என்றார்கள்.

மணல்மேட்டில் ஊதாப் பூ பூத்த ஒரு கொடி படர்ந்திருந்தது. அடும்பு. பக்கத்தில் முள்முள்ளாக ராவணன் மீசை. "குப்பையோட குப்பையா இதைப் புடுங்கிடக் கூடாது நைனா. மணலைப் புடிச்சி வச்சிருக்கறதே இதுங்கதான்" என்றாள். நம்ம கொல்லையில் கொள்ளுக்கொடி என்ன செய்கிறதோ அதையே அங்கே அடும்பு செய்கிறது. கடலும் தனக்கு ஒரு உயிர்மூடாக்கு போட்டுக்கொண்டிருக்கிறது.

வெயில் ஏறியதும் நிழலில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். எடுத்ததை எல்லாம் எண்ணி, நோட்டில் குறித்து, தனித்தனிச் சாக்கில் போடுகிறார்கள். வலைக் கயிறு ஒரு சாக்கு. பாட்டில் மூடி ஒரு சாக்கு. செருப்பு, தெர்மாகோல், ஷாம்பு சாஷே. அதில் ஒரு சாக்கில் 'விவசாயம்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது.

"இது இன்னாம்மா?"

அவள் பதில் பேசவில்லை. சாக்கைத் தார்ப்பாயில் கவிழ்த்தாள்.

பதினாறு மில்லிமீட்டர் சொட்டுநீர் குழாய், முழங்கை நீளம், விரல் நீளத் துண்டுகளாக. கிழிந்த மல்ச்சிங் ஷீட், ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளி. நாற்று விடும் குழித்தட்டின் உடைசல். யூரியா சாக்கின் நார். நிழல்வலைக் கந்தல். மருந்து பாட்டில்கள், மூடியோடு. விதைப் பாக்கெட், கம்பெனிப் பேர் அழிந்துபோய், தக்காளிப் படம் மட்டும் தெரிகிறது.

அந்தக் குழாய் எந்த ஊர்க் குழாய் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்துத் தோப்பிலிருந்தும் வந்திருக்கலாம். காஞ்சிபுரத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அதே குழாய்தான் என் கொல்லையில் கிடக்கிறது. அதே ஷீட்டைத்தான் நான் இரண்டு வருஷம் தக்காளிக்குப் போட்டு, கிழிந்ததும் சுருட்டி ஓடைக்கரையில் வைத்தேன். 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடினதே, அதற்கப்புறம் அந்தச் சுருளை நான் பார்க்கவில்லை. வெள்ளம் கொண்டுபோனது நல்லதாகப் போச்சு என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். மருந்து பாட்டில் என்னுடையது இல்லை. மற்றதெல்லாம் என்னுடையதாக இருக்க முடியும்.

ஜவ்வாது மலையின் ஒரு சரிவுத் தண்ணீர் பாலாற்றுக்குப் போகிறது. இன்னொரு சரிவுத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஒன்று வாயலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது, இன்னொன்று கடலூரில். எந்தப் பக்கம் போட்டாலும் போய்ச் சேரும் இடம் வங்காள விரிகுடாதான்.

எல்லா ஊரிலும் இதே கணக்கு

கடலுக்குள் மிதக்கும் நெகிழியை எடுக்க நெதர்லாந்தில் போயான் ஸ்லாட் என்ற இளைஞர் 2013-ல் ஒரு அமைப்பு தொடங்கினார். நடுக்கடலில் வலை விரித்துப் பார்த்தவர்கள், கொஞ்ச வருஷத்தில் ஆற்று வாயிலும் குப்பை தடுக்கும் இயந்திரம் வைக்க ஆரம்பித்தார்கள். கடலுக்கு நெகிழியைக் கொண்டுபோவதில் 80 சதவீதம் உலகத்தின் ஆயிரம் சொச்சம் ஆறுகளின் வழியாகத்தான் போகிறது என்று 2021-ல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் பெரிய ஆறுகளைவிட ஊர்களுக்கு நடுவில் ஓடும் சின்ன ஆறுகள்தான் அதிகம்.

இன்னொரு கணக்கு நம்மைப் பற்றியது. உலகம் முழுக்க வேளாண்மையில் ஒரு வருஷத்துக்கு 125 லட்சம் டன் நெகிழிப் பொருள்கள் பயன்படுகின்றன என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2021-ல் அறிக்கை வெளியிட்டது. இங்கே சொட்டுநீருக்குச் சிறு, குறு உழவர்களுக்கு நூறு சதவீத மானியம், மல்ச்சிங் ஷீட்டுக்கும் மானியம். வாங்கும்போது மானியம் உண்டு. பழசாகிக் கிழிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. குழாயைக் குறை சொல்லவில்லை, எங்கள் ஊரில் சொட்டுநீர் இல்லாவிட்டால் பாதிக் கொல்லை தரிசு. ஆனால் கொடுத்த கைக்குத் திரும்ப வாங்கும் பொறுப்பும் வேண்டாமா?

மீனவர்களுக்கு அந்த வழி மெல்லத் திறக்கிறது. கிழிந்த வலைகளை எடைக்கு வாங்கும் மையத்தைச் சென்னை காசிமேட்டில் அரசு தொடங்கியிருக்கிறது. நீலகிரியில் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று வந்த பிறகு, காட்டில் பாட்டில் கிடப்பது எவ்வளவு குறைந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வலைக்கு முடியும், பாட்டிலுக்கு முடியும் என்றால், வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் பழைய குழாய்க்கும் ஷீட்டுக்கும் ஏன் முடியாது? நம் இயக்கம் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

சுத்தம் செய்கிறவரின் உடம்பு

மகள் அங்கே இருந்த கடைசி வாரத்தில்தான் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 2025 மே 25. பெட்டிகள் உடைந்து, பிளாஸ்டிக் தயாரிக்கும் குருணை அரிசி மாதிரி வெள்ளை மணிகள் கேரளக் கரையில் ஒதுங்கி, கன்னியாகுமரிக்கும் வந்தன. மணலில் கலந்த அந்த மணிகளைச் சல்லடை வைத்துச் சலித்து எடுக்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் குனிந்து சலித்தார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்களே படகில் போய்க் குவளையிலும் பக்கெட்டிலும் அள்ளியதைப் படங்களில் பார்த்தோம். பலர் கையில் கையுறை இல்லை. நம் மாவட்டப் பக்கமே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்துப்போனார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சுத்தம் செய்வது புண்ணியம் என்று சொல்லிவிட்டு உடம்பை மறந்துவிடுகிறோம். யாரோ விட்ட கழிவை இன்னொருவர் கையால் அள்ளும் வேலை இது. அதற்குக் கூலி வேண்டும், கையுறை வேண்டும், தடுப்பூசி வேண்டும், ஆபத்து என்றால் "தொடமாட்டேன்" என்று சொல்லும் உரிமை வேண்டும்.

கடற்கரையில் அப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றன. கையில் வேலை இல்லாத மீனவர்கள், அந்தக் கடலை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கரையில் வெளியூர்ப் பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் குப்பை எடுக்கிறார்கள். தடைக்கால நிவாரணம் கொடுக்கிறார்கள், சரி. அதோடு, கடலடியில் கிடக்கும் வலைகளை எடுக்கும் கூலி வேலையையும் அவர்களுக்கே கொடுக்கலாமே என்று மகள் கேட்டாள். எனக்கு நம் கோடை ஞாபகம் வந்தது. பங்குனி முதல் ஆடி வரை நாமும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம்?

எங்கள் ஓடை, இருபது நாள்

திரும்பி வந்ததும் எங்கள் உழவர் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். "ஆலங்காயத்துல உக்காந்துகினு கடலை சுத்தம் பண்றியா மாமா?" என்றான் ஒரு தம்பி. சாக்கைக் கவிழ்த்த கதையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. எல்லார் கொல்லையிலும் ஒரு சுருள் கிடக்கிறது.

முடிவு பண்ண ஒரு வருஷம் ஆனது. இந்த வருஷம் பங்குனி கடைசியில் பதினாறு பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டோம். 32,000 ரூபாய். நான்கு கல்லூரிப் பிள்ளைகள், நாளுக்கு 400 ரூபாய், இருபது நாள். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஒருத்தி என் மகள். காலை ஆறு முதல் ஒன்பதரை வரை ஓடை, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம். வேலை தொடங்கும் முன்னால் நால்வருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டோம்.

சில விதிகள் வைத்தோம். வாசகர்கள் செய்ய நினைத்தால் இவை உதவும். மருந்து பாட்டிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொடவே கூடாது. பெரியவர்கள் தடித்த கையுறையோடு எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மருந்து தெளிக்கும் பக்கத்துக் கொல்லைக்காரர்களிடம் போய்ச் சண்டை போடாமல், ஒரே ஒரு விஷயம் கேட்டோம்: பாட்டிலை மூன்று தடவை அலசி அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள், பாட்டிலை ஓட்டை போட்டுவிட்டு எங்களிடம் கொடுங்கள், ஓடையில் வீசாதீர்கள். ஒன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். தோல் துண்டு, ரசாயன நாற்றம் உள்ள சேறு எதையும் நாங்கள் தொடவில்லை. படம் எடுத்து, இடம் குறித்து, மனுவாகக் கொடுத்தோம். அது நம் வேலை அல்ல, பொறுப்பானவர்கள் செய்ய வேண்டியது. வேலிக்காத்தான் வெட்டினோம், ஆனால் கரையில் இருந்த நொச்சி, ஆவாரை, வெட்டிவேர் எதிலும் கை வைக்கவில்லை.

இருபது நாளில் வந்த குழாய்த் துண்டு மட்டும் 210 கிலோ. சாக்கு, பாட்டில் தனி. காயலான் கடைக்காரர் குழாயையும் சாக்கையும் எடுத்துக்கொண்டார். வந்த பணம் கையுறைக்கும் டீக்கும் சரியாகப் போனது. மல்ச்சிங் ஷீட்டை அவர் தொடவில்லை. "மண்ணு ஒட்டிக்கினு கீதுங்க, எவனும் வாங்க மாட்டான்." ஏழு சாக்கு ஷீட் இன்றைக்கும் என் மாட்டுக்கொட்டகையின் பின்னால் நிற்கிறது. கொளுத்தச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். கொளுத்தினால் அது நம் மூச்சுக்குள் வரும். புதைத்தால் மண்ணுக்குள் போகும். அதனால் நிற்கிறது. யாராவது வழி கண்டிருந்தால் இதழுக்கு எழுதுங்கள்.

"இது உங்க கொல்லையில இருந்து வந்ததா?"

பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் கடற்கரையில் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே இங்கே ஆரம்பித்தாள்: ஆமை, பவளம், திமிங்கிலம். இரண்டு நாளில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கடலையே பார்க்காத பிள்ளைகள். காவலூர் தொலைநோக்கி மையத்துக்குப் போய் நட்சத்திரம் பார்த்தவர்கள்கூட அதில் உண்டு. கடல் பார்த்தவர்கள் மூன்று பேர்தான்.

மூன்றாம் நாள் பாடத்தை மாற்றினாள். ஏரி மதகில் ஆரம்பித்து ஓடை வழியாகப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனாள். ஆளுக்கு ஒரு நோட்டு. தண்ணீர் இங்கே விழுந்தால் எங்கே போகும்? அடுத்தது எங்கே? வழியில் என்ன கிடக்கிறது? யார் போட்டது? படம் வரையுங்கள். ஒரு வாரத்தில் மலையிலிருந்து கடல் வரை ஒரு படம் தயாராகிவிட்டது, அவரவர் வீடும் கொல்லையும் அதில் உண்டு. நம் பக்கத்திலேயே சிங்காரப்பேட்டை அருகே குக்கூ காட்டுப்பள்ளி, திருவண்ணாமலை அருகே மருதம் பண்ணைப் பள்ளி போன்ற இடங்களில் பிள்ளைகள் மண்ணிலும் மரத்தடியிலும் கற்பதைப் பார்க்கலாம். பெரிய கட்டடம் தேவையில்லை. நடப்பதற்கு ஓர் ஓடை போதும்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஓடையில் எடுத்த ஒரு ஷீட் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "தாத்தா, இது உங்க கொல்லையில இருந்து வந்ததா?"

"ஆமாம் பாப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த வருஷமே ஷீட்டை நிறுத்தினேன். தக்காளிப் பாத்திக்கு மல்லாட்டைத் தோலும் கரும்புச் சோகையும் நாலு விரல் கனத்துக்குப் போட்டேன். தென்னைக்குக் கீழே அதன் மட்டையையே வெட்டிப் பரப்பினேன். வரிசைக்கு நடுவில் கொள்ளும் தட்டைப்பயறும் விதைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: ஷீட் போட்டபோது களையே எடுக்கவில்லை, இப்போது இரண்டு களை எடுத்தேன். கரையான் வந்தது, காய்ந்த மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும் செடிக்குச் சேதமில்லை. தண்ணீர் விடும் இடைவெளி ஷீட்டுக்குச் சமமாகத்தான் இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் சுருட்டி வைக்க ஒன்றும் இல்லை, எல்லாம் மண்ணோடு போய்விட்டது. குழாயை விட முடியவில்லை. ஆனால் வெட்டிய துண்டு ஒன்றுகூட இப்போது வரப்பைத் தாண்டுவதில்லை. கொட்டகையில் ஒரு சாக்கு தொங்குகிறது.

மீதி பத்து மாதம்?

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மகளுக்கு இந்த வருஷம் படிப்பு முடிந்தது. கோடை வேலை கோடையோடு சரி. ஷூ கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். வீட்டுக்காரம்மா நேராகக் கேட்டார்: "இருவது நாள் கூலிய வச்சிகினு வருஷம் பூரா சாப்புடுவாளா?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் இல்லை.

மகள் இப்போதைக்கு அருகிலுள்ள இரண்டு கிராமக் குழுக்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். மூன்று ஓடை, மூன்று பள்ளி என்றால் நான்கு மாத வேலையாவது ஆகும் என்பது அவள் கணக்கு. வேலூர் மாவட்டத்தில் நாகநதியை மீட்க நூறு நாள் வேலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உறிஞ்சுகிணறு கட்டியதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறாள். அந்த வேலைக்கு அரசுக் கூலி கிடைத்ததால்தான் அது நடந்தது. இதற்கும் கேட்கலாம் என்கிறாள். நடக்குமா தெரியாது. புரட்டாசி வரை பார்ப்பாள். இல்லையென்றால் வேனில் ஏறுவாள்.

நம் இயக்கத்து நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த பங்குனிக்குள் உங்கள் குழு ஓர் ஓடையைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு ஒரு மூட்டை மல்லாட்டையின் விலைகூட ஆகாது. ஊர்ப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வையுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள். முதலில் உங்கள் கொட்டகையின் பின்னால் போய்ப் பாருங்கள்.

வைகாசியில் ஓடைப் பாலத்துக்குக் கீழே மூங்கிலும் பழைய வலையும் சேர்த்து ஒரு தட்டி கட்டினோம். போன வாரம் முதல் மழை. காலையில் நானும் வீட்டுக்காரம்மாவும் போய்ப் பார்த்தோம். இலை, சருகு, இரண்டு தேங்காய், நாலைந்து சாஷே, ஒரு செருப்பு. குழாய்த் துண்டு ஒன்று. அவர் அதை எடுத்து முந்தானையில் துடைத்து, "இது நம்முளுது இல்ல" என்றார். பிறகும் அதைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து சாக்கில் போட்டார்.